பின் கிராஸ் மட்டும் ஏன் போகிறது? ஒரு பிக்கப் வண்டியின் நிகழ்வு ஆய்வு

வண்டி ஒன்றரை டன் பிக்கப். டீசல், ஐந்து கியர், பின்சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகும். இடையிடையே பழனியிலிருந்து மலைப்பாதையில் கொடைக்கானலும் உண்டு. போகையில் கழுத்து வரை லோடு, வருகையில் காலிக் கூடைகள்.

டிரைவர் சொன்ன புகார்கள் இவை. வேகம் 50-ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் உதறல், 60-இல் அது உச்சம். லோடோடு முதல் கியரில் கிளம்பும்போது அடியில் ஒரு நடுக்கம். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விட்டால் 'டொக்' என்று ஓர் அடி. இதில் எதுவும் புதிதில்லை, இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டான கிராஸ் தேய்ந்த எந்த வண்டியும் இப்படித்தான் கத்தும். விசித்திரம் வேறு இடத்தில் இருந்தது. பின் கிராஸை மாற்றினால் சில மாதம் வண்டி அடங்கிக் கிடக்கும், பிறகு எல்லாம் அதே வரிசையில் திரும்பி வரும். "போலி மாலா இருக்குமோன்னு நெனச்சு ஒரிஜினலும் வாங்கிப் போட்டாச்சுண்ணே. அதுவும் நிக்கல" என்றார்.

பழைய பில்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். டயர் முன்னும் பின்னும் மாற்றி, வீல் பேலன்ஸ் பார்த்திருந்தார்கள். சென்டர் பேரிங் புதிது. ஷாஃப்டைக் கழற்றி லேத்தில் கொடுத்துப் பேலன்ஸும் செய்தாயிற்று. கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரும் மாறியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் முட்டாள்தனமான வேலையில்லை. உதறல் என்று வரும் வண்டிக்கு இவை எல்லாமே நியாயமான சந்தேகங்கள். ஆனால் அந்த ஷாஃப்டில் கிராஸ் மூன்று இருக்கின்றன. முன் கிராஸும் நடுக் கிராஸும் வண்டி வாங்கியபோது வந்தவை, இன்னும் ஆட்டமில்லை. சாவது பின்னால் இருப்பது மட்டும்தான். மோசமான மால் என்றால் மூன்றும் போக வேண்டும், கிரீஸ் அடிக்காததால் என்றாலும் மூன்றும் போக வேண்டும். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினோம்.

அடியில் இருப்பது

நீளமான பிக்கப்புகளில் கியர்பாக்ஸுக்கும் பின் ஹவுசிங்குக்கும் (பின் சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரங்கள் உள்ள அச்சுப் பெட்டி) நடுவே ஒரே ஷாஃப்டாகப் போட முடியாது. நீளம் கூடினால் குழாய் சுழலும்போது வில்லாக வளைய ஆரம்பிக்கும். அதனால் இரண்டாக வெட்டி, நடுவில் ரப்பரில் பொதிந்த சென்டர் பேரிங்கைக் குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். முன் ஷாஃப்டின் தலையில் ஒரு கிராஸ், சென்டர் பேரிங்குக்குப் பின்னால் ஒன்று, ஹவுசிங்கில், ஷாஃப்டின் சுழற்சியை வாங்கும் சிறு பற்சக்கரமான பினியனின் ஃபிளாஞ்சை ஒட்டி ஒன்று. பள்ளம் மேட்டில் ஹவுசிங் ஏறி இறங்கும்போது ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய வேண்டுமல்லவா, அதற்காகப் பல் வெட்டிய ஸ்லீவ் ஒன்று உள்ளே வழுக்கிக்கொண்டிருக்கும்.

கிராஸ் என்பது கூட்டல் குறி வடிவ எஃகுத் துண்டு. நான்கு முனையிலும் ஒவ்வொரு கப், கப்புக்குள் ஊசி பேரிங்குகள் வரிசையாக நிற்கும். 16ஆம் நூற்றாண்டின் கார்டானோ பெயரும் 17ஆம் நூற்றாண்டின் ராபர்ட் ஹூக் பெயரும் இந்த மூட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி இதைச் செய்து 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். இத்தனை காலமாகியும் இதன் அடிப்படைக் குணம் மாறவில்லை. நம் வழக்குக்கு அந்தக் குணம்தான் சாவி என்பதால் பிறகு விரிவாக வருகிறேன்.

ரோட்டில் பார்த்தது

உதறல் எதிலிருந்து வருகிறது என்று காதால் சொல்லிவிடும் மேஸ்திரிகள் உண்டு. எனக்குக் கணக்கின் மேல்தான் நம்பிக்கை. இந்த வண்டியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.15 மீட்டர் உருளும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர், அதாவது சுமார் 465 சுற்று. கிரவுன் பினியன் விகிதம் 4.3, அதாவது ஷாஃப்ட் 4.3 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பெருக்கினால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழல்கிறது. வினாடிக்கு மாற்றினால் டயர் 8 தடவைக்குச் சற்றுக் குறைவு, ஷாஃப்ட் 33 தடவை.

டயர் கோளாறு என்றால் உதறல் வினாடிக்கு 8 தடவை வரும். அது உடம்பை ஆட்டும், ஸ்டியரிங்கிலும் தெரியும். ஷாஃப்ட் பேலன்ஸ் இல்லையென்றால் சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது 33. கிராஸின் கோணத்தில் தப்பு என்றால் சுற்றுக்கு இரண்டு தடவை, அதாவது 66. காலுக்கு அடியில் ரீங்காரம் மாதிரிக் கேட்கும். இப்போது போனிலேயே அதிர்வைப் பதிந்து வரைபடமாகக் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. சென்டர் பேரிங்குக்கு நேர் மேலே தரையில் போனை டேப் போட்டு ஒட்டி, பொள்ளாச்சி ரோட்டில் நல்ல தார் கிடைத்த இடத்தில் 60-இல் பிடித்து ஓட்டினோம். 66 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு பெரிய முகடு. 33-இல் சின்னதாக ஒன்று. 8-இல் ஒன்றுமே இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் விழும் இடம் இது. ஐந்து கியர் வண்டியில் நான்காவது கியர் நேரடி கியர், இன்ஜின் சுற்றும் வேகமும் ஷாஃப்ட் சுற்றும் வேகமும் ஒன்றே. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எரிப்பு நடக்கும். ஆக நான்காவது கியரில் 60-இல் போனால் இன்ஜினின் அதிர்வும் அதே 66-இல்தான் வந்து நிற்கும். இன்ஜின் மவுண்டிங் போயிருந்தாலும் இதே முகடு தெரியும்! கியர்பாக்ஸ் மவுண்டிங்கை மாற்றியவர் இதைக் கண்டுதான் மாற்றியிருக்க வேண்டும். பிரித்தறிய வழி எளிது. அதே 60-இல் ஐந்தாவது கியருக்குப் போக வேண்டும். அப்போது இன்ஜின் 1,600 சுற்றுக்கு இறங்கும், எரிப்பு அதிர்வு 53-க்கு நகரும். ஷாஃப்ட் ரோட்டு வேகத்துக்குக் கட்டுப்பட்டது, 66-இலேயே நிற்கும். ஐந்தில் ஓட்டியபோது பெரிய முகடு 66-ஐ விட்டு அசையவில்லை. நியூட்ரலில் உருளவிட்டபோது கொஞ்சம் தணிந்ததே தவிர மறையவில்லை. இன்ஜின் விடுதலை.

டிரைவர் வழியில் சொன்ன இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: காலியாக வரும்போதுதான் உதறல் அதிகமாம், லோடோடு போகும்போது குறைவாம். பேலன்ஸ் இல்லாத ஷாஃப்டுக்கு வண்டியில் தக்காளி இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. லோடு ஏறினால் மாறுவது வண்டியின் உயரம். உயரம் மாறினால் மாறுவது கோணம்.

பிட்டுக்குள்

வண்டியைப் பிட்டின் (அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழியின்) மேல் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்துக்கொண்டு ஷாஃப்டைக் கையால் பிடித்துப் பார்த்தோம். சுற்றித் திருப்பிப் பார்ப்பது மட்டும் போதாது. கிராஸைக் கவ்விப் பிடிக்கும் கவடுகளான இரண்டு பக்க யோக்கையும் இரு கையால் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும், பிறகு மேலும் கீழும் தள்ள வேண்டும். ஷாஃப்டைத் திருப்பும்போது வரும் ஆட்டத்தில் பாதி கிரவுன் பினியனின் இயல்பான இடைவெளியாக இருக்கும். அதைக் கிராஸின் ஆட்டம் என்று நினைத்து மாற்றப்பட்ட கிராஸ்கள் ஏராளம். இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை. பின் கிராஸ் முறுக்கும்போதே தட்டியது. இரண்டு கப்புகளின் சீல் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரித் துரு படிந்திருந்தது. உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் எஃகை அரைக்கும்போது வெளியே வரும் பொடி அது. இதைப் பார்த்துவிட்டால் கையால் ஆட்டிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

சென்டர் பேரிங் ரப்பர் சரி, சுற்றினால் உறுமல் இல்லை. ஸ்லீவில் வழுக்கும் பல்லில் ஆட்டம் அளவோடுதான். ஷாஃப்ட் குழாயில் அடி, நெளிவு இல்லை. லேத்தில் வைத்த பேலன்ஸ் எடைகள் பற்றவைத்தபடி இருந்தன. பினியன் ஆயில் சீலில் மட்டும் லேசான கசிவு.

அடுத்து ஸ்லீவின் அம்புக்குறிகள். பின் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள யோக்குகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஸ்லீவைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போனாலும் அந்த ஒழுங்கு குலைந்துவிடும், உதறல் பிடித்துக்கொள்ளும். லேத்துக்குப் போய்வந்த ஷாஃப்ட் என்பதால் எங்களுக்கு முதல் சந்தேகமே இதுதான். ஆனால் அம்புகள் நேருக்கு நேர் நின்றன. லேத்காரர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்.

கிராஸைக் கழற்றினோம். செத்துப்போன கிராஸைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் துடைத்து வெயிலில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். முனையில் ஊசிகளின் நீளத்துக்குச் சம இடைவெளியில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதிகப் பாரம் அல்லது ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்றது காரணம். நீலம் பாய்ந்து கருகியிருந்தால் கிரீஸ் இல்லை. மேல்தோல் செதில் செதிலாக உரிந்திருந்தால் தண்ணீரோ மண்ணோ உள்ளே போயிருக்கிறது. இந்தக் கிராஸில் கோடுகளும் இருந்தன, ஆனால் கண்ணில் அடித்தது வேறு: முனைகளின் தட்டையான தலைப்பக்கம், கப்பின் அடியைத் தொடும் இடம், உரசிச் சிராய்த்து ஈட்டி இழுத்த மாதிரிக் கோடு விழுந்து கிடந்தது. கிராஸ் தன் கப்புகளை மாறி மாறி வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது. பேலன்ஸ் கோளாறோ அளவுக்கு மீறிய கோணமோ இருந்தால் பெரும்பாலும் இப்படி வரும். பேலன்ஸ் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

கோணம் என்ன செய்யும்

கிராஸ் மூட்டு நேர்கோட்டில் நின்றால் ஒரு பக்கம் எப்படிச் சுற்றுகிறதோ மறுபக்கமும் அப்படியே சுற்றும். வளைந்து நின்றால் அப்படி இல்லை. உள்ளே வரும் ஷாஃப்ட் சீராகச் சுற்றினாலும் வெளியே போவது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை குறையும். எவ்வளவு என்பது கோணத்தின் கொசைன் மதிப்பில் இருக்கிறது. 3 டிகிரியில் இது 0.14 சதவீதம், யாருக்கும் தெரியாது. 8.8 டிகிரியில் 1.2 சதவீதம். ஒரு பக்கம் 2,000 சுற்றில் ஓடும்போது மறுபக்கம் 1,976-க்கும் 2,024-க்கும் நடுவே வினாடிக்கு 66 தடவை முன்னும் பின்னும் இழுபடும்.

இதைக் கொல்ல வண்டி வடிவமைப்பவர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஷாஃப்டின் ஒரு முனை எவ்வளவு வளைகிறதோ அதே அளவு மறுமுனையும் வளைய வேண்டும். யோக்குகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். அப்போது முதல் மூட்டு கெடுத்ததை இரண்டாம் மூட்டு சரிசெய்துவிடும். நடுவில் உள்ள ஷாஃப்ட் மட்டும் திணறிக்கொண்டிருக்கும், ஹவுசிங்குக்குப் போகும் சுழற்சி சீராகிவிடும். மூன்று கிராஸ் வண்டியில் முன் கிராஸை ஒரு டிகிரி அளவில் வைத்துவிட்டு, நடுவையும் பின்னையும் சமமாக்குவார்கள். முன் கிராஸைச் சுத்தமாகப் பூஜ்யத்தில் வைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொஞ்சமாவது கோணம் இருந்தால்தான் ஊசிகள் உருண்டு கிரீஸை இழுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே குழி தோண்டிவிடும்.

அளந்தது

காந்தம் ஒட்டிய டிஜிட்டல் கோணமானி ஒன்று போதும். தரை சமமா என்ற கவலையும் வேண்டாம், ஏனென்றால் நமக்குத் தேவை ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. தேவையான நிபந்தனை ஒன்றுதான்: வண்டியின் எடை பின் சக்கரத்தில் நிற்க வேண்டும். சேசிஸை ஜாக்கியில் தூக்கிவிட்டு ஹவுசிங் தொங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது. பிட் இல்லாத இடத்தில் ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து எடுக்கலாம்.

காலி வண்டியில், பின்பக்கமாகத் தாழும் சரிவை அளந்தோம். கியர்பாக்ஸ் ஃபிளாஞ்ச் 3.0 டிகிரி. முன் ஷாஃப்ட் 3.8. முன் கிராஸில் 0.8, நல்லது. பின் ஷாஃப்ட் 8.6. நடுக் கிராஸில் 4.8, கொஞ்சம் கூடுதல், ஆனால் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை ஏற்றிப் பின்பக்கம் தூக்கி நிற்கும் வண்டி என்பதால் எதிர்பார்த்ததுதான். கடைசியாகப் பினியன். அது முன் ஷாஃப்டுக்கு இணையாக, மூக்கைச் சற்றே மேலே தூக்கிக்கொண்டு 3.8-ஐ ஒட்டி நிற்க வேண்டும். கோணமானி எதிர்ப்பக்கம் 0.2 காட்டியது. மூக்கு மேலே பார்ப்பதற்குப் பதில் கடுகளவு கீழே பார்த்துக்கொண்டிருந்தது. ஆக, பின் கிராஸில் கோணம் 8.8.

நடுவில் 4.8, பின்னால் 8.8. ஒன்றையொன்று கொல்ல வேண்டிய இரண்டும் 4 டிகிரி விலகி நிற்கின்றன. இரண்டின் வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் மிச்சமாக நிற்கும் கோணம் கிடைக்கும்: 7.4 டிகிரி. 3 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய எண் இது. பிறகு மணல் மூட்டை ஏற்றி அளந்தோம். பின்பக்கம் அமர்ந்ததும் பின் ஷாஃப்டின் சரிவு 5.6-க்கு இறங்கியது, நடுவில் 1.8, பின்னால் 5.8, மிச்சக் கோணம் 5.5. காலியில்தான் உதறல் அதிகம் என்று டிரைவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை.

லோடு ஏறினால் உதறல் குறைகிறது என்பதால் கிராஸ் பிழைத்துவிடாது. இன்ஜினின் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் கியர் 4 மடங்காக்கி ஷாஃப்டில் 800 ஆக இறக்கும். மலைப்பாதைக் கொண்டையூசி வளைவில் முழு லோடோடு கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அந்த 800-ம் ஏடாகூடமான கோணத்தில் நிற்கும் அந்த நான்கு கப்புகள் வழியாகத்தான் போகிறது.

யார் திருப்பியது

பினியன் மூக்கு எப்படி 4 டிகிரி தாழும்? ஹவுசிங் வளையவில்லை, பட்டை உடையவில்லை, ஹவுசிங்கைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட் தளரவில்லை. இதே உரிமையாளரிடம் இதே மாதிரி இன்னொரு வண்டி இருந்தது, உதறல் இல்லாதது. அதைப் பக்கத்தில் நிறுத்தி அளந்தோம். பினியன் 3.9 டிகிரி மேல்நோக்கி இருந்தது. பிறகு இரண்டு வண்டியின் பட்டை இருக்கையையும் மாறி மாறிப் பார்த்ததில் விடை கிடைத்தது.

பட்டைக்கட்டுக்கும் ஹவுசிங் மேலுள்ள இருக்கைக்கும் நடுவில் ஓர் ஆப்புத் தகடு இருக்கும். ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிவு, சரிவு 2 டிகிரி. நல்ல வண்டியில் தடித்த பக்கம் பின்னால் இருந்தது. பட்டை ஹவுசிங்குக்கு மேலே உட்காரும் வண்டியில் தடித்த பக்கம் பின்னால் இருந்தால் இருக்கையின் பின்பகுதி அமுங்கி, பினியன் மூக்கு மேலே எழும். நம் வண்டியில் தடித்த பக்கம் முன்னால் இருந்தது, இரண்டு பக்கமும் அப்படியே. 2 டிகிரி மேலே தூக்க வேண்டியது 2 டிகிரி கீழே அழுத்தினால் வித்தியாசம் 4. அளவு சொன்னதும் கண் பார்த்ததும் பொருந்திவிட்டன.

எப்போது திரும்பியிருக்கும் என்பதை உரிமையாளரிடம் கேட்டபோது கூடுதல் பட்டை ஏற்றிய கதை வந்தது. பட்டைக்கட்டைப் பிரித்துச் சேர்த்தபோது ஆப்பு கீழே விழுந்திருக்கும்; நடுத்துளை சென்டர் போல்டுக்கு எப்படி வைத்தாலும் பொருந்தும்; திருப்பி வைத்தால் எதுவும் இடிக்காது, எதுவும் கத்தாது. முதல் பின் கிராஸ் போனது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு தடவையும் புதுக் கிராஸ் போட்டதும் ஆட்டம் போனது, 'டொக்' குறைந்தது, உதறலிலும் பாதி குறைந்தது. அந்தப் பாதி நிம்மதிதான் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது.

சரிசெய்தது

ஆப்பைத் திருப்புவது பெரிய வேலையில்லை. சேசிஸைத் தாங்கி நிறுத்தி, யூ போல்டுகளைக் கழற்றி, இரண்டு பக்கமும் தகட்டைத் திருப்பி வைத்தோம். பழைய யூ போல்டை மறுபடி போடவில்லை. ஒருமுறை இழுத்துக் கட்டியது நீண்டிருக்கும், பிடிமானம் போதாது. நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். முதல் லோடு போய்வந்ததும் திரும்ப இறுக்க வரச் சொல்லியிருந்தோம், வந்தார்கள்.

கிராஸ் மாட்டுவதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்பே ஃபிளாஞ்சிலும் யோக்கிலும் பெயிண்டில் கோடு போட்டுவிட வேண்டும். எந்த முகம் எந்த முகத்தோடு இருந்ததோ அப்படியே போனால்தான் லேத்தில் செய்த பேலன்ஸ் நிலைக்கும். சுத்தியால் அடித்து இறக்குவது நம் ஊரில் சாதாரணம். யோக்கின் காது அரை மில்லிமீட்டர் வளைந்தாலும் கப் கோணலாக உட்காரும், புதுக் கிராஸ் பழையதைப் போலவே சாகும். வைஸில் பிடித்து, கப்பைவிடச் சற்றுச் சிறிய சாக்கெட் வைத்து நெருக்கினால் வேலை சுத்தமாக முடியும். நெருக்கும்போது ஓர் ஊசி நழுவிக் கப்பின் அடியில் படுத்துவிட்டால் கப்பைப் பிடித்து நிறுத்தும் வளையமான சர்க்கிளிப் தன் காடியில் இறங்காது. அப்போது சர்க்கிளிப்பை அடித்து இறக்கக்கூடாது, கப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். சர்க்கிளிப்புகள் பல தடிமனில் கிடைக்கும். கிராஸ் நடுவில் நிற்கும்படி, பக்கவாட்டில் ஆட்டம் தெரியாதபடி பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்தோம். முடிந்ததும் யோக்கின் காதில் பித்தளைச் சுத்தியால் லேசாக ஒரு தட்டு, இறுக்கம் விட்டுக் கொடுக்கும். கையால் அசைத்தால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, திணறாமல் போக வேண்டும்.

ஃபிளாஞ்ச் போல்டுக்கு ஹார்டுவேர் கடைப் போல்டு போடவே கூடாது. 10.9 என்று வலிமைத் தரத்தைத் தலையில் அடித்த போல்டு இருந்தால் அதே ரகம்தான் திரும்பப் போக வேண்டும், நட்டு புதிது, இறுக்கம் கம்பெனிப் புத்தகம் சொல்லும் அளவு. பினியன் நட்டைத் தொடவில்லை. ஆயில் சீல் கசிவுக்காக அதைக் கழற்றினால் உள்ளே நசுங்கும் வளையத்தின் கணக்கும் பேரிங்கின் முன்னழுத்தமும் சேர்ந்து வரும். தனி வேலையாக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

எல்லாம் மாட்டி, வண்டியை இறக்கி, ஸ்பிரிங் அமரும்படி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு அளந்தோம். பின் ஷாஃப்ட் 8.5, பினியன் 3.9. நடுவில் 4.7, பின்னால் 4.6. மிச்சக் கோணம் 1 டிகிரிக்குள் வந்துவிட்டது. அதே ரோட்டில் அதே 60-இல் போனை ஒட்டி ஓட்டினோம். ஐந்தாவது கியரில் 66-இல் இருந்த முகடு தேட வேண்டிய அளவுக்குச் சுருங்கியிருந்தது.

கிரீஸ்

இந்த வண்டியில் ஆப்புதான் குற்றவாளி என்றாலும் துருப்பொடி சும்மா வரவில்லை. டிரைவர் கிரீஸ் அடிக்கச் சொல்வார், பட்டறையில் அடிப்பார்கள், ஏதோ ஒரு கப்பின் ஓரத்தில் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். அது போதாது. நான்கு கப்பின் சீலிலும் பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புதிய நிறம் தெரியும் வரை அடிக்க வேண்டும். ஒரு கப் மட்டும் வாய் திறக்கவில்லையென்றால் ஷாஃப்டைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் கீழே கொண்டுவந்து, கிராஸை அந்தத் திசைக்கு எதிராக அழுத்திப் பிடித்துக்கொண்டு அடித்துப் பார்க்கலாம். அப்படியும் வரவில்லையென்றால் அந்த வழி அடைத்திருக்கிறது. கிராஸுக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிடலாம். கைக் கன்னால் நிதானமாக அடிப்பதே நல்லது, காற்றழுத்தக் கன் சீலைப் பிய்த்துவிடும். அதிக அழுத்தம் தாங்கும் லித்தியம் இ.பி. 2 ரகம் போதுமானது, ஆனால் கண்ட டப்பாக்களைக் கலக்கக் கூடாது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதற்குப் புத்தகத்தில் எண் இருக்கும். காய்கறி லோடுக்கும் மழைக்காலத் தண்ணீருக்கும் அதைப் பாதியாக்கிக்கொள்ளலாம். ஓடையில் சேசிஸ் முழுக இறங்கி ஏறிய வண்டி என்றால் அன்றைக்கே அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸில் பீச்சாங்குழாயைச் சீலுக்கு நேராகப் பிடிப்பவரைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

கிராஸுக்கு, கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இல்லாமல் மூடிய ரகமும் வருகிறது. அதில் ஆட்டமோ துருவோ தெரிந்தால் பேச்சுக்கே இடமில்லை, மாற்றுவதுதான்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடுகிற கிராஸோடு "இந்த நடை போயிட்டு வந்துடறேன்" என்று மலை ஏறுகிறவர்கள் உண்டு. இறக்கத்தில் பின் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் அடியில் சாட்டையாகச் சுழன்று பிரேக் குழாயையோ டீசல் டாங்கையோ அடிக்கலாம். அது நடக்காவிட்டாலும் இன்ஜின் பிரேக் அந்த நொடியே போய்விடும். இரண்டாவது கியரில் பிடித்து இறக்கிக்கொண்டிருந்த லோடு முழுக்கச் சூடான டிரம்களின் தலையில் விழும். முன்பக்கம் உடைந்தால் ஷாஃப்டின் முனை ரோட்டில் குத்தி நிற்கும். பிட்டுக்குள் இறங்கி ஓடும் ஷாஃப்டைப் பார்க்கிறவர்களும் லுங்கி, தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கையோடு இறங்கக் கூடாது. ஒரு நொடியில் சுருட்டிவிடும்.

இப்போதைய நிலை

பின் கிராஸில் கப்புகள் சுத்தமாக இருக்கின்றன, துருப்பொடி இல்லை, முறுக்கினால் தட்டவில்லை. 'டொக்' கொஞ்சம் கேட்கிறது. அது கிரவுன் பினியன் இடைவெளியும் ஸ்லீவ் பல்லின் பழைய தேய்மானமும் சேர்ந்து வருவது, இன்றைக்கு ஆபத்தில்லை. நடுவில் 4.7 டிகிரி என்பது நான் விரும்பும் அளவைவிட அதிகம்தான். 60-இல் அது பிரச்சினையில்லை. ஆனால் 90-இல் ஷாஃப்ட் 3,000 சுற்றுக்குப் போகும். அந்த வேகத்தில் ஏறக்குறைய 6 டிகிரிதான் எல்லை என்பதால் கையிருப்பு அதிகமில்லை. கூடுதல் பட்டையில் ஒன்றைக் கழற்றினால் 3-ஐ நோக்கி இறங்கும். உரிமையாளரிடம் சொன்னோம். "பட்டையக் கழட்டுனா தக்காளி சீசன்ல எதை வெச்சுண்ணே ஓட்டுறது?" என்றார். அடுத்த முறை பட்டைக்கட்டைப் பிரிக்கும்போது ஆப்பு தப்பாகப் போகாமலிருக்க, இரண்டு தகட்டிலும் தடித்த பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் 'பின்' என்று எழுதிவிட்டிருக்கிறோம். பினியன் ஆயில் சீலைச் சீசன் முடிந்து வண்டி ஓய்வுக்கு வரும்போது மாற்றுவதாகப் பேச்சு, அதுவரை ஹவுசிங் ஆயில் அளவை மட்டும் பார்த்து வரச் சொல்லியிருக்கிறோம்.